ஒருநடைக்காரரின் இரண்டாவது நடை

ஒருநடைக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். குளிருக்கு அறையைச் சூடாக்குகிற கேஸ் ஹீட்டர் எரியவில்லை என்று சொல்லி அனுப்பினால் ஒரே ஒரு நடை வருவார். பார்ப்பார், பிரிப்பார், மாட்டுவார், போய்விடுவார். அதே கோளாறுக்காக இன்னொரு முறை அவர் அந்த வீட்டுப் படி ஏறியதாகச் சரித்திரமே இல்லை. இதை ஊரார் சொல்லிப் பெருமைப்படுவதைவிட அவரே சொல்லிப் பெருமைப்படுவது கொஞ்சம் கூடுதல். "நான் கை வச்சா திரும்பி வரவே மாட்டேங்க" என்பார். அவரைப் பற்றித் தெரியாத சிலர் இதைக் கேட்டு முதலில் பயந்துபோனதும் உண்டு.

ஆனாலும் ஆளுக்குச் சரக்கு இருந்தது. டெய்லர் வீட்டு ஹீட்டரையே எடுத்துக்கொள்ளுங்களேன். பைலட் என்கிற அந்தச் சின்னச் சுடர் பற்றும். குமிழிலிருந்து விரலை எடுத்ததும் போய்விடும். முதலில் வந்த மெக்கானிக் வால்வைப் புதிதாகப் போட்டார். இரண்டாமவர் சுடரின் சூட்டை உணர்கிற கம்பியைப் புதிதாகப் போட்டார். மூன்றாமவர் ஹீட்டரையே தூக்கிப் போடச் சொன்னார். ஒருநடைக்காரர் வந்து தரையில் குப்புறப் படுத்து, பைலட் குழாயைக் கழற்றி, ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். நுனியில் நூலாம்படையும் ஒரு குட்டிச் சிலந்தியும் வந்தன. "கேஸ் வாசனைன்னா இதுங்களுக்கு உசுரு" என்று சொல்லிவிட்டு, சிலந்தியை ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து டெய்லர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அளவெடுப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநடைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போனது. தெருவுக்கு அடியில் ஓடிய பழைய கேஸ் குழாய் இற்றுப்போய்விட்டதென்று கேஸ் ஆபீஸில் கண்டுபிடித்தார்கள். குழாயை நிரந்தரமாக மூடிவிட்டு, வீட்டுக்கு வீடு சிலிண்டர் கொடுப்பதென்று முடிவாயிற்று. சொல்லிவிட்டார்கள், சுலபமாக. குழாய் கேஸுக்குப் பழகின ஹீட்டர் சிலிண்டர் கேஸை அப்படியே ஏற்றுக்கொள்ளாது என்பதுதான் சங்கதி. ஹீட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. விரல் நுனி அளவுதான் இருக்கும், நடுவில் ஓர் ஓட்டை. கேஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் பர்னருக்குப் போக வேண்டும். குழாய் கேஸ் சாது; அதற்குப் பெரிய ஓட்டை வேண்டும். சிலிண்டர் கேஸ் முரடு. அதற்கு ஊசிக்கண் போதும்.

பெரிய ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுச் சிலிண்டரை மாட்டினால் கேஸ் தேவைக்கு மேல் பாய்ந்து, தீ மஞ்சளாக, நீளமாக எரியும். சுவரில் கரி படியும். கரி படிந்தால் துடைத்துவிடலாம். கூடவே வாசனையே இல்லாத ஒரு விஷப்புகை வரும். மூடின அறையில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் தலைவலி வரும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கம் கலையாது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் ஒருநடைக்காரர் பெருமையடித்துக்கொள்ள மாட்டார், குரலே இறங்கிவிடும்.

அதனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். காக்கி ஜாக்கெட்டின் வலது பையில் புது ஜெட்டுகள், இடது பையில் கழற்றின பழைய ஜெட்டுகள். வலது கை எடுக்கும், இடது கை போடும். வேலை முடிந்து சிலிண்டர் வந்து சேர்கிறவரை இருந்து, தானே பற்றவைத்து, தீ நீலமாக நிற்கிறதா என்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்தப் பத்து நிமிஷம்தான் அவருடைய ஒரு நடையின் ரகசியம்.

சம்பவம் நடந்த அன்று ஐந்து வீடுகள். காலையில் சிலிண்டர் வண்டி வழியில் படுத்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல்தான் வரும், நீங்கள் ஜெட்டை மட்டும் போட்டுக்கொண்டே போங்கள், வண்டிக்காரன் சிலிண்டரை மாட்டிப் பற்றவைத்துவிடுவான் என்று கேஸ் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒருநடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. என் கைக்கு என்ன குறை, பத்து நிமிஷம் பார்க்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு சரி என்றார்.

முதல் வீடு டெய்லர். இரண்டாவது, கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா தங்கை இருவர் இருக்கும் வீடு. மூன்றாவதுதான் சம்பந்தி வீடு. அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த இடம்.

சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் சிவப்பு மையை விடவில்லை. கல்யாண அழைப்பிதழை ஒருநடைக்காரர் ஆசை ஆசையாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது, பதினேழு இடத்தில் சுழித்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒருநடைக்காரருக்கு அந்த வீட்டுக்குள் போனாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏதாவது சொல்லப்போய் அது தப்பாகிவிடுமோ என்று பயம். வெளியில் சிங்கம் மாதிரி திரிகிற மனுஷன் அங்கே போய்ப் பரீட்சை எழுதுகிற பையனாக ஆகிவிடுவார். மகள் எதிரே அப்படி ஆவதுதான் அவருக்குத் தாங்காது.

அந்த வீட்டுக் கூடத்தில் வெள்ளை உறை போட்ட சோபா. எண்ணெய்க் கறை ஜாக்கெட்டோடு அதன் பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, ஒரே ஒரு புது ஜெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்வெட்டரோடு உள்ளே போனார். ஸ்வெட்டரில் பை கிடையாது. மூக்குக் கண்ணாடியும் ஜாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. சம்பந்தியம்மா தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சாஸரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஹீட்டரின் முகப்பைக் கழற்றி, பர்னரை இறக்கி, பழைய ஜெட்டைத் திருகி எடுத்துச் சாஸரில் வைத்தார். புது ஜெட்டும் அதே சாஸரில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருக்கு அறிவுரை சொல்லத் தோன்றியது. பேத்திக்கு இரண்டு வயது, சளி பிடித்திருந்தது. அவளை நினைத்துத்தான் சொன்னார்.

"சம்பந்தியம்மா, ராத்திரி படுக்கும்போது மறக்காம ஹீட்டரை அணைச்சுடுங்க."

சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சூடா இருக்கும்போது அணைச்சா கை சுடாதா, சம்பந்தி?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். எதற்கென்று தெரியாமலே குழந்தையும் சிரித்தது. ஒருநடைக்காரரும் சிரித்தார், உள்ளுக்குள் புகைந்தது. ஹீட்டரைக் கட்டிக்கொள்ளச் சொல்கிற ஆளாகவா தெரிகிறேன் என்று நினைத்துக்கொண்டே சாஸருக்குள் கையை விட்டு ஒரு ஜெட்டை எடுத்துத் திருகினார். மளமளவென்று பர்னரை ஏற்றினார், முகப்பை மூடினார். மிச்சமிருந்த ஜெட்டைக் கையில் மூடிக்கொண்டு எழுந்தார். இனி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக்கூடாது என்று முடிவு செய்து, "மாத்தி மாட்டிட்டேன். சிலிண்டர் வந்ததும் பத்த வச்சுக்கலாம்" என்று சுருக்கமாகச் சொன்னார். சம்பந்தியம்மா எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று ஒருநடைக்காரருக்கு ஒரு சின்ன வெற்றி. வெளியே வந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கையிலிருந்ததை இடது பையில் போட்டார்.

நாலாவது வீடு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுடையது. ஐந்தாவது போட்டோ ஸ்டூடியோக்காரர் வீடு. மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. எதிரே சிலிண்டர் வண்டி முனகிக்கொண்டு வருவதைப் பார்த்து, டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். பழைய ஜெட்டுகளை ஒரு செம்புக் கம்பியில் கோத்து ஆணியில் தொங்கவிடுவது அவர் வழக்கம். சுவரில் அப்படி ஏழெட்டுச் சரம் தொங்கும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான். இடது பையைக் கவிழ்த்து, ஐந்து ஜெட்டையும் மேஜையில் கொட்டி, பேச்சுவாக்கில் கோக்க ஆரம்பித்தார். மனைவி எதிரே உட்கார்ந்து நாளைய வீடுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்று நுழைந்தது. இரண்டு, மூன்று, நாலும் நுழைந்தன. ஐந்தாவது நுழையவில்லை.

கம்பி வளைந்திருக்கும் என்று நிமிர்த்திப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜெட்டை விளக்கடியில் பிடித்தார். ஊசிக்கண் ஓட்டை. புது ஜெட்.

புது ஜெட் இங்கே இருந்தால் பழைய ஜெட் எங்கே இருக்கிறது? ஐந்து வீட்டில் ஏதோ ஒரு வீட்டில், கழற்றின இடத்திலேயே திரும்ப உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டரும் போய்ச் சேர்ந்திருக்கும். பொழுது சாயப்போகிறது, குளிருக்கு எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு ஹீட்டரைப் போடுகிற நேரம். இருபத்தாறு வருஷத்தில் ஒருநடைக்காரர் இப்படிப் பயந்ததில்லை.

மனைவி எட்டிப் பார்த்தார். சொல்லாமலே புரிந்துவிட்டது. எல்லோருக்கும் போன் போட்டு, பற்றவைக்காதீர்கள் என்று உடனே சொல்லுங்கள் என்றார். ஒருநடைக்காரர் போனை எடுத்தார். ஆனால் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. லைனில் காற்று அடைத்திருக்கலாம், நான் வருகிறவரை ஹீட்டரைத் தொடாதீர்கள் என்று பூசி மெழுகினார். டெய்லர் எடுக்கவில்லை. மற்ற மூவருக்கும் சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

"நம்ம பொண்ணு வீட்டுக்கு?" என்றார் மனைவி.

அங்கே வேண்டாம் என்றார் அவர். அங்கேதான் பார்த்துப் பார்த்து, தேநீர்ச் சாஸரில் வைத்து, பையிலேயே போடாமல் வேலை செய்தேன். தப்பு நடந்திருந்தால் பையில் கலந்துதான் நடந்திருக்கும் என்று நியாயம் பேசினார். அந்த நியாயம் அவருக்கே அரைகுறையாகத்தான் பட்டது. ஆனால் மகளுக்குப் போன் போட்டு, காற்று என்று சொல்லி, அதற்குச் சம்பந்தியம்மா ஒரு கேள்வி கேட்டு, அதை மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தார். மற்ற நாலு வீட்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மனுஷ மனசு தனக்கு வேண்டியதை எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறது பாருங்கள்.

டெய்லர் வீட்டில் ஹீட்டர் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. தையல் மிஷின் சத்தத்தில் போன் கேட்கவில்லையாம். தீ நீலமாக, ஒரே உயரத்தில், அடக்கமாக நின்றது. ஒருநடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது டெய்லர் கண்கலங்கிப் போயிருந்தார். யார் வீட்டுக்கும் இரண்டாவது தடவை வராதவர் தன் வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று அவருக்குப் பெருமை. ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்புறம் என்று சொல்லி ஒருநடைக்காரர் ஓடிவந்தார்.

அக்கா தங்கை இருவரும் சொன்ன பேச்சைத் தட்டாமல் ஹீட்டரை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு கோட்டு மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பற்றவைத்துப் பார்த்தார். நீலம். நீங்களே திரும்பி வரும்படி என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டார். காற்று என்றார். எந்தக் காற்று என்று தங்கை கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

நர்ஸ் அம்மா வீட்டிலும் நீலம்தான். ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளில்லை.

"சிலிண்டர்ல ஏதுங்க காத்து? நாங்க தப்பு மருந்து கொடுத்துட்டா, காத்துன்னு சொல்ல மாட்டோம். டாக்டரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுவோம்."

ஒருநடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. உங்களுடையது சரியாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். எஞ்சியது போட்டோ ஸ்டூடியோக்காரர் வீடு. மஞ்சளாக எரிய வேண்டுமே என்று அவர் மனசு வேண்டிக்கொண்டது. தான் மாட்டின ஹீட்டர் தப்பாக எரிய வேண்டுமென்று ஒரு மெக்கானிக் வேண்டிக்கொள்வது எங்காவது உண்டா? இங்கே உண்டு. ஆனால் பற்றவைத்தபோது சுத்தமான நீலம். ஸ்டூடியோக்காரர் அழகாக இருக்கிறது என்றார். ஒருநடைக்காரர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாஸர் கண்முன் வந்தது. அதில் இரண்டு ஜெட். கண்ணாடி இல்லாத கண், கோபத்தில் துழாவின கை.

மகளுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மனைவிக்குப் போட்டார். நீங்கள் கிளம்பின கையோடு நானே மூன்று தடவை கூப்பிட்டேன், அவள் எடுக்கவில்லை, இப்போது போனே போகவில்லை, நான் நடந்தே அங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று மூச்சிரைக்கச் சொன்னார். சம்பந்தியம்மாவிடம் செல்போன் கிடையாது. மருமகன் வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும்.

ஸ்கூட்டரை அவர் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குச் சளி, ஜன்னலைத் திறந்திருக்க மாட்டார்கள். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதென்று போன மாதம் பஞ்சுப் பட்டை ஒட்டி, கதவு அடியில் ரப்பர் வைத்து, ஓர் ஓட்டை விடாமல் அடைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதையும் ஒரே நடையில்தான் செய்தார். போன் எடுக்காமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். ஒரே ஒரு காரணம்தான் ஞாபகத்தில் நின்றது. என் மானம் போனால் போகட்டும், குழந்தை முழித்திருந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, போட்டுவிட்டு ஓடினார். மணியை அடிக்கத் தோன்றாமல் கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

கதவைத் திறந்தது மகள்தான். முகம் சிவந்து, கண் கலங்கி இருந்தாள். உள்ளேயிருந்து குளிர் வந்து ஒருநடைக்காரர் முகத்தில் அடித்தது. தெருவில் இருக்கிற அதே குளிர், ஒரு துளி சூடு இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு அருமையான குளிரை அவர் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

கூடத்தில் ஹீட்டருக்கு நேர் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, இரண்டு கம்பளிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. கையில் அம்மாவின் போன். பொம்மைப் படம் பார்த்துப் பார்த்துச் சார்ஜ் தீர்ந்த பிறகும் விடாமல் வைத்திருந்தது. பக்கத்து மேஜையில் தீப்பெட்டி இருந்தது. அதன் மேல் சம்பந்தியம்மாவின் கை இருந்தது.

"நல்லவேளை வந்தீங்கப்பா" என்றாள் மகள். "ரெண்டு மணி நேரமா அத்தை ஹீட்டரைப் பத்த வைக்க விடமாட்டேங்கறாங்க. வண்டிக்காரரையும் சிலிண்டரை மட்டும் மாட்டச் சொல்லி அனுப்பிட்டாங்க. புள்ளை குளிர்ல கிடக்குது."

சம்பந்தியம்மா அசையவில்லை. "நீங்கதானே சொன்னீங்க சம்பந்தி, மாத்தி மாட்டிட்டேன்னு. முதல்ல எனக்கும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசிச்சேன். பையனுங்க சட்டையில பித்தானை மாத்திப் போட்டுட்டு வந்தா, தப்பாப் போட்டிருக்கான்னுதானே அர்த்தம்? நீங்க வேற கண்ணாடி போடாம சாஸர்ல தடவுறதைப் பார்த்தேன். ரெண்டு அர்த்தம் இருக்கற வார்த்தையில, நல்ல அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, குழந்தை இருக்கற வீட்டுல நெருப்பு வைக்க எனக்குத் தைரியம் வரலை."

"எங்கப்பா தப்புப் பண்ண மாட்டாருன்னு நூறு தடவை சொல்லிட்டேன்" என்றாள் மகள். குரல் உடைந்தது. "நீங்களே சொல்லுங்கப்பா. மாத்தித்தானே மாட்டினீங்க?"

ஒருநடைக்காரர் மகளைப் பார்த்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்கப்பாவுக்குத் தெரியாத மிஷினே கிடையாது என்று சண்டை போட்டுவிட்டு வந்து நிற்பாளே, அதே முகம். இவள் இந்த வீட்டில் நாலு வருஷமாக ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள். இன்றைக்கு அவருக்காகப் பேசியிருக்கிறாள்.

தப்பித்துக்கொள்ள வழி கையில் தயாராக இருந்தது. லைனில் காற்று என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் உள்ளே அனுப்பி, இரண்டே நிமிஷத்தில் ஜெட்டைத் திருகிவிடலாம். ஆமாம்மா, மாத்தித்தான் மாட்டினேன் என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. மகள் தலை நிமிர்வாள். சம்பந்தியம்மா முதல் தடவையாகத் தோற்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சம்பந்தியம்மாவின் கையைப் பார்த்தார். குளிரில் விரல்கள் வெளிறிப்போயிருந்தன. தன் சால்வையையும் குழந்தைக்குச் சுற்றிவிட்டு, வெறும் புடவையோடு அந்தத் தீப்பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. மாத்தித்தான் மாட்டிட்டேன்" என்றார்.

மகள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். ஒருநடைக்காரர் பையிலிருந்து புது ஜெட்டை எடுத்து மேஜைமேல் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சம்பந்தியம்மா சொன்ன அர்த்தத்துல."

அவர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சாஸர், கண்ணாடி, கம்பியில் நுழையாத ஜெட், மூன்று வீட்டில் சொன்ன காற்று, இங்கே மட்டும் போன் செய்யாமல் விட்டது, எதையும் மென்று முழுங்கவில்லை. இதைப் பற்றவைத்திருந்தால் என்று ஆரம்பித்தவர் குழந்தையின் காலைக் கம்பளியோடு பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். குழந்தை தாத்தாவின் தலையில் கையிலிருந்த போனாலேயே ஓர் அடி வைத்தது.

மகள் தரையில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, நான் உங்களை என்னென்னமோ பேசிட்டேன்" என்றாள். பேசினதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, அதனால் பரவாயில்லை என்றார் சம்பந்தியம்மா. சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டு ஹீட்டருக்கு வழிவிட்டார்.

ஒருநடைக்காரர் இந்த முறை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிலிண்டரை மூடிவிட்டு முகப்பைக் கழற்றினார். சம்பந்தியம்மா பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்தார். அவர் பழைய ஜெட்டைக் கழற்றி, பையில் கொண்டுவந்திருந்த செம்புக் கம்பியை நுழைத்துக் காட்டினார், தாராளமாகப் போனது. புதியதில் போகவில்லை. சம்பந்தியம்மா தானும் ஒரு தடவை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இவ்வளவு சின்னதுக்குள்ளா இருக்கிறது எல்லாம் என்று கேட்டார். மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது தீ நீலமாக நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார்கள். பிறகு அவர் எழுந்து, ஜன்னல் மேல் ஓரத்தில் தான் ஒட்டின பஞ்சுப் பட்டையில் ஒரு சாண் கிழித்து எடுத்தார். கொஞ்சம் காற்று வரட்டும் என்றார். காற்று என்ற சொல்லைக் கேட்டதும் மனைவிதான் முதலில் சிரித்தார்.

நாளைக் காலையில் முதல் வேலையாக நாலு வீட்டுக்கும் போய் உள்ளதைச் சொல்லப்போவதாக ஒருநடைக்காரர் சொன்னார். டெய்லர் கதையை மாற்ற வேண்டியிருக்கும். நர்ஸ் அம்மாவிடம் முதலில் போக வேண்டும்.

கிளம்பும்போது மகள் தெருவரை வந்தாள். அவருடைய ஜாக்கெட் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஒரு கயிறு கட்டி, கழுத்தில் மாட்டிவிட்டாள். மாட்டிவிட்ட கை கொஞ்ச நேரம் அவர் தோளிலேயே இருந்தது.

சம்பந்தியம்மா குழந்தையோடு வந்து நிலைப்படியில் நின்றார். ஒருநடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சொல்லாமல் போனால் தூக்கம் வராது. சொல்லவும் வாய் தயங்கியது.

"ராத்திரி படுக்கும்போது ஹீட்டரை..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, வேறு வார்த்தை தேடினார். நிறுத்திடுங்க என்பதா, மூடிடுங்க என்பதா என்று குழம்பினார்.

"அணைச்சுடறேன் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. "அப்படியே சொல்லுங்க. எனக்குப் புரியும்."